வாளி தூக்கிய சிறுவனும் வெளிவராத கட்டுரையும்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடமாக ஒரு கதை இருந்தது. டாம் சாயர் என்ற குறும்புக்காரப் பையன். சனிக்கிழமை காலையில் அவனை வளர்க்கும் பெரியம்மா, வேலிக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிடுகிறார். அவனோ அந்த வேலையை ஏதோ பெரிய பாக்கியம் போலக் காட்டி, வேடிக்கை பார்க்க வந்த பையன்களிடம் ஆப்பிள், பட்டம், செத்த எலி என்று கூலி வாங்கிக்கொண்டு அவர்களையே வெள்ளையடிக்க வைக்கிறான். ஆசிரியர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். டாமின் புத்திசாலித்தனத்தை விளக்குக என்று தேர்வில் கேள்வி வந்தது. எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம்.

கல்லூரிக்கு வந்து முழு நாவலையும் படித்தபோதுதான் அந்தக் காட்சியில் இன்னொரு பையன் இருப்பது தெரிந்தது. பெயர் ஜிம். கறுப்பினச் சிறுவன். தகர வாளியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறான். டாம் அவனை ஆசைகாட்டி நிறுத்துகிறான். பெரியம்மா செருப்போடு வருகிறார். ஜிம் பின்புறம் எரிய எரிய வாளியோடு ஓடுகிறான். எங்கள் பாடத்தில் வேலி இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, செத்த எலிகூட இருந்தது. தண்ணீர் சுமந்த அடிமைச் சிறுவன் மட்டும் இல்லை. சுருக்கித் தந்தவர்களுக்குக் கதையின் ஓட்டத்துக்கு அவன் தேவையில்லை என்று தோன்றியிருக்கும். வெள்ளையடித்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்க் ட்வைனுக்கு உலகம் முழுக்க நடந்திருப்பது இதுதான். வெள்ளை உடை, வெள்ளைத் தலைமுடி, புதர் மீசை, வாயில் சுருட்டு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் பொன்மொழிகள், அவற்றில் பாதி அவர் சொல்லவே சொல்லாதவை. சிரிப்பூட்டும் தாத்தா. இந்தத் தாத்தாவைத்தான் நம் நூலகங்களில் சிறுவர் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். அவரைக் கும்பிடவோ கொளுத்தவோ நான் வரவில்லை. அவர் என்ன தெரிந்துகொண்டார், யாரிடம் தெரிந்துகொண்டார், தெரிந்துகொண்ட பிறகு எங்கே வாயை மூடிக்கொண்டார் என்பதைப் பேச வேண்டும். மூன்றாவது கேள்விதான் நமக்கு ரொம்பவும் வேண்டியது.

சாமுவேல் கிளமென்ஸ் என்பது இயற்பெயர். 1835இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹானிபல் என்ற ஊரில் வளர்ந்தார். மிசூரி, அடிமை முறையைச் சட்டமாக வைத்திருந்த மாநிலம். அப்பா ஜான் மார்ஷல் கிளமென்ஸ் அடிமைகளை வைத்திருந்தவர். 1841இல், அடிமைகளைத் தப்புவிக்க முயன்றதாக மூன்று அடிமை ஒழிப்பாளர்கள் மீது வழக்கு நடந்தது. அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை கிடைக்கச் செய்த ஜூரியில் அந்த அப்பாவும் ஒருவர். அடிமை முறையில் ஏதோ தவறு இருக்கிறது என்றே பள்ளி நாள்களில் தனக்குத் தெரியாது என்று வயதான காலத்தில் ட்வைன் சொன்னார். பிரசங்க மேடையில் நின்ற பாதிரியார், அது கடவுளே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு என்று வேத வசனத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேதம் காட்டி ஒரு கூட்டத்தைக் கீழே வைக்கும் வித்தை நமக்குப் புதிதா என்ன?

அந்த வீட்டில் சாண்டி என்று ஒரு சிறுவன் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தான். மேரிலாந்திலிருந்து குடும்பத்தைப் பிரித்து விற்கப்பட்டு வந்தவன். நாள் முழுக்கப் பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் இருப்பான். ஒருநாள் சாம் எரிச்சல் தாங்காமல் அம்மாவிடம் போய் அவனை வாயை மூடச் சொல்லுங்கள் என்று கத்தினான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பாடும்போது தன் தாயை நினைக்கவில்லை என்று எனக்கு ஓர் ஆறுதல், சத்தம் நின்றால் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று பயம், இனி அவன் அவளைப் பார்க்கவே போவதில்லை என்ற பொருளில் சொன்னார். அதன் பிறகு சாண்டியின் சத்தம் தன்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று எழுதுகிறார் ட்வைன். நல்ல அம்மாதான். ஆனால் அந்த நல்ல அம்மாவும் அடிமை முறையைத் தவறென்று நினைத்ததில்லை. அவன் அழாமல் இருக்க வேண்டும் என்று விரும்பினார், அவனை அவன் தாயிடம் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. ‘எங்க வீட்டு வேலைக்காரியை நாங்க குடும்பத்துல ஒருத்தியாத்தான் நடத்துறோம்’ என்று சொல்லும் எத்தனை நல்ல அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்த ஹானிபல் நினைவுகள் அவருக்கு முழு வேகத்தோடு திரும்பி வந்த இடம் எது தெரியுமா? பம்பாய்.

அச்சுக் கோக்கும் எந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டி, பதிப்பகமும் நொடித்து, 1894இல் ட்வைன் திவாலானார். கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு ஆற்றக் கிளம்பினார். 1896 ஜனவரியில் பம்பாய் வந்தார். தங்கிய ஓட்டலில் ஒரு ஜெர்மானியர் அறையைச் சரிபார்க்க வந்தார். இந்தியப் பணியாள் ஒருவர் ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லை. என்ன தவறு என்றுகூடச் சொல்லாமல் அந்த மனிதர் அவர் தாடையில் ஓர் அறை விட்டார். பணியாள் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளாக இப்படியொன்றைத் தான் பார்க்கவில்லை என்கிறார் ட்வைன். அந்த நொடியில் பம்பாய் மறைந்து மிசூரி வந்துவிடுகிறது. தன் அப்பா, சின்னச் சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் லூயிஸ் என்ற அடிமைச் சிறுவனை அறைந்தது. பத்து வயதில் தான் கண்ணால் பார்த்தது: ஒரு வெள்ளையர் கோபத்தில் இரும்புத் தாதுக் கட்டியை எடுத்து ஓர் அடிமையின் மீது வீசுகிறார், அவர் செய்த தவறு ஏதோ வேலையில் தடுமாறியது மட்டும்தான், ஒரு மணி நேரத்தில் அவர் செத்துப் போகிறார். ஊரில் யாரும் அந்தக் கொலையைச் சரியென்று சொல்லவில்லை. யாரும் பெரிதாக எதுவும் பேசவும் இல்லை. 1897இல் வெளிவந்த பயண நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

அறைந்த கை ஐரோப்பியக் கையாக இருந்ததால் அவருக்கு உடனே புரிந்தது. சாதியைப் பார்த்தபோது அப்படியொரு மின்னல் அடித்ததாகத் தெரியவில்லை. அங்கே பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் பயணியின் கண்தான். இதற்காக அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கறுப்பின அடிமை முறையையும் நம் சாதிக் கொடுமையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க நமக்கு ட்வைன் தேவைப்படவில்லை. அவர் டாம் சாயரை எழுதுவதற்கு முன்பே, 1873இல், ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கிவிட்டார். மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ட்வைனின் கப்பல் சென்னையில் ஒருநாள் நின்றுவிட்டு இலங்கைக்குப் போனது. அந்தச் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. இந்த இதழின் பெயருக்குப் பிறகு வருகிறேன்.

சரி, அடிமை வைத்திருந்தவரின் மகன், 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தென்மாநிலப் பக்கம் நின்ற ஒரு படைக்குழுவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு ஓடிய ஆள், எப்படி மாறினார்? இலக்கியப் பேராசிரியர்கள் இதற்கு ‘மனிதநேயம்’ என்று ஒரு சொல்லில் பதில் வைத்திருப்பார்கள். ஏதோ அவருக்குள்ளேயே ஊறிய நீர் போல. அப்படியல்ல. அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் இருந்தார்கள். மாமாவின் பண்ணையில் கதை சொன்ன டேனியல் என்ற அடிமை மனிதர். அடிமை ஒழிப்பில் ஊறிய மனைவி வீட்டார்: மாமனார் ஜெர்விஸ் லாங்டன், தப்பி வந்த அடிமைகளுக்கு உதவியவர், பிரெடெரிக் டக்ளஸின் நண்பர். எல்லாருக்கும் மேலாக, மேரி ஆன் கார்ட்.

எல்மைரா நகரில் மைத்துனியின் பண்ணை வீட்டில் சமையல்காரராக இருந்தவர் மேரி ஆன் கார்ட். எப்போதும் சிரித்த முகம். ஒரு மாலை எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் மட்டும், வேலைக்காரர் அல்லவா, கீழே படியில். ட்வைன் கேட்கிறார்: இத்தனை வயது வாழ்ந்தும் உங்களுக்குத் துன்பம் என்று ஒன்று வந்ததே இல்லை போலிருக்கிறதே, எப்படி? அந்தப் பெண் சிரிப்பை நிறுத்துகிறார். கணவரையும் ஏழு குழந்தைகளையும் ஏல மேடையில் நிறுத்தி ஒவ்வொருவராக விற்றதைச் சொல்கிறார். கடைசிப் பையன் ஹென்றியைப் பிடுங்கியபோது தான் போராடியதைச் சொல்கிறார். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, வடக்குப் படையின் சிப்பாயாக அதே ஹென்றி தன் முன் வந்து நின்றதைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல எழுந்துவிடுகிறார். படியில் இருந்தவர் இப்போது நிற்கிறார், உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இதை ‘ஓர் உண்மைக் கதை’ என்ற தலைப்பில் 1874இல் ட்வைன் வெளியிட்டார். முன்னால் தான் கேட்ட மடத்தனமான கேள்வியையும் மறைக்காமல் வைத்தார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் கதையில் அந்தப் பெண்ணின் பெயர் ‘ரேச்சல் அத்தை’. மேரி ஆன் கார்ட் என்ற பெயரை ஆய்வாளர்கள்தான் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. இலக்கியத்தில் ட்வைனுக்குக் கிடைத்த மரியாதையின் தொடக்கம் ஒரு சமையல்காரரின் வாய்மொழி என்பதை எந்தப் பொன்மொழித் தொகுப்பும் சொல்வதில்லை.

அவருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடைக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி 1870இலும் 1872இலும் அவர் எழுதியவற்றைப் படித்தால் குமட்டும். அது நையாண்டியே அல்ல, அப்பட்டமான வெறுப்பு. டாம் சாயரின் வில்லன் ‘இஞ்ஜன் ஜோ’ குகைக்குள் அடைபட்டுப் பட்டினியில் சாகிறான். பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளை வெள்ளையர் அழித்ததைக் கண்டித்து எழுதியவர்தான் இவர். தன் நாட்டுப் பூர்வகுடிகளிடம் அதே அளவுக்குக் கணக்குத் தீர்க்கவே இல்லை.

‘அந்தக் காலத்தில் அப்படித்தான், அவர் அவருடைய காலத்தின் மனிதர்’ என்று உடனே ஒரு குரல் வரும். இந்தக் குரலை நம்பாதீர்கள் தோழர்களே. அந்தக் காலம் என்றால் யாருடைய காலம்? டக்ளஸ் வாழ்ந்ததும் அதே காலம்தான். பன்னிரண்டு ஆண்டுச் சிறைக்குப் போன அந்த மூன்று பேரும் அதே மிசூரியில், அதே காலத்தில் நின்றவர்கள்தான். படியில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்த பெண்ணுக்கும் காலம் என்று ஒன்று இருந்தது. சுரண்டியவனின் கடிகாரத்தை மட்டும் பார்த்து ‘அந்தக் காலம்’ என்று சொல்வது வரலாறு ஆகாது.

ஹக்கிள்பெரி ஃபின்னுக்கு வருவோம். 1885 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. குடிகாரத் தகப்பனிடமிருந்து ஓடிவரும் வெள்ளைச் சிறுவன் ஹக். விற்கப்படப் போகிறோம் என்று தெரிந்து ஓடிவரும் அடிமை ஜிம். (இந்த ஜிம் வேறு, வாளி தூக்கிய சிறுவன் வேறு.) இருவரும் ஒரே தெப்பத்தில் மிசிசிப்பியில் மிதக்கிறார்கள். நாவலின் உச்சம், ஹக் ஒரு கடிதம் எழுதும் இடம். ஜிம் இருக்கும் இடத்தை அவனுடைய சொந்தக்காரிக்குத் தெரிவிக்கும் கடிதம். அதை எழுதச் சொல்வது எது? அவன் மனசாட்சி! அடுத்தவர் சொத்தைத் திருட உதவுகிறாயே, நரகத்துக்குப் போவாயே என்று அந்த மனசாட்சி அவனைக் குத்துகிறது. எழுதியும் விடுகிறான், பாவம் கழுவியது போல் லேசாகிறான். பிறகு ஆற்றில் ஜிம் தன்னைப் பார்த்துக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான்.

இந்த ஓர் இடத்துக்காக அந்த நூலை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும் என்பேன். தான் செய்வது நல்லது என்று ஹக்குக்குத் தெரியவே இல்லை, கடைசி வரைக்கும். பாவம் செய்கிறோம் என்றுதான் நினைக்கிறான். மனசாட்சியைச் செய்து கொடுத்ததே அடிமைச் சமூகம் என்றால், அது அடிமை உடைமையாளனின் குரலில்தான் பேசும். இதயம் சரியாக இருந்தது, மனசாட்சிதான் கோணலாக இருந்தது என்ற பொருளில் பின்னாளில் ட்வைனே குறித்து வைத்திருக்கிறார். ‘என் மனசாட்சிக்குத் தெரியும், நான் சாதி பார்ப்பதில்லை’ என்று சொல்பவரிடம், உங்கள் மனசாட்சியைச் செய்தது யார் என்று நாம் கேட்க வேண்டியதும் இதனால்தான். பேரன் வேறு சாதியில் காதலிக்கிறான் என்றதும் பாட்டிக்கு உண்மையிலேயே நெஞ்சு வலிக்கிறதே, அந்த வலி நடிப்பல்ல. ஹக்கைக் குத்தியதும் இதே மாதிரியான ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் வந்த நூல் கடைசியில் கவிழ்கிறது. ஜிம் பிடிபட்டு ஒரு குடிசையில் அடைக்கப்படுகிறான். டாம் சாயர் வந்து சேர்கிறான். ஜிம்மின் சொந்தக்காரி சாகும்போது அவனை விடுதலை செய்துவிட்டாள் என்பது டாமுக்குத் தெரியும். சொல்ல மாட்டான். கதைப் புத்தகங்களில் படித்தபடி ஒரு சாகசத் தப்பித்தல் நடத்த வேண்டுமாம். குடிசைக்குள் எலியையும் பாம்பையும் விடுகிறான், கல்லில் எழுத வைக்கிறான். சட்டப்படி ஏற்கெனவே விடுதலையான மனிதர் வாரக்கணக்கில் சங்கிலியோடு கிடக்கிறார், ஒரு வெள்ளைப் பையனின் விளையாட்டுக்காக. எல்லாம் முடிந்ததும் பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு ஜிம்முக்கு டாம் 40 டாலர் கொடுக்கிறான். முன்பு ஒரு மோசடிக்காரன் ஜிம்மைக் காட்டிக் கொடுத்து விற்றதும் அதே 40 டாலருக்குத்தான்.

இந்த முடிவு நாவலின் பலவீனம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். போருக்குப் பிறகு சட்டத்தில் விடுதலை கொடுத்துவிட்டு 1877இல் தென்மாநிலக் கறுப்பர்களைக் கைவிட்ட அமெரிக்காவின் சித்திரமே இது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதைவிட நெருக்கமாக ஒன்று தெரிகிறது. நம் போராட்டப் பந்தலுக்கு வருகிறார்களே சில டாம் சாயர்கள், கேமராவோடு, ஆய்வேட்டுத் தலைப்போடு, புரட்சிக் கற்பனையோடு! நமக்குத் தேவை ஒரு பட்டா, ஒரு சாதிச் சான்றிதழ், ஒரு எஃப்.ஐ.ஆர். அவர்களுக்குத் தேவை சாகசம். கையில் இருக்கும் தகவலை, தொடர்பை, செல்வாக்கைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நம்மைக் கல்லில் எழுத வைப்பார்கள்.

இனி அந்தச் சொல். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல் ஹக்கிள்பெரி ஃபின்னில் 200 முறைக்கு மேல் வருகிறது. 1885இல் கான்கார்ட் நகரப் பொது நூலகம் நாவலை விலக்கியது, இந்தச் சொல்லுக்காக அல்ல. நடையும் பையனும் நாகரிகமாக இல்லையாம். விளம்பரம் கிடைத்தது என்று ட்வைன் மகிழ்ந்தார். கறுப்பர்களின் எதிர்ப்பு காதில் விழ எழுபது ஆண்டுகளாயின. 1957இல் நியூயார்க் கல்வி வாரியம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பட்டியலிலிருந்து நூலை நீக்கியது. 1982இல் வர்ஜீனியாவில் ஜான் வாலஸ் என்ற கறுப்பினக் கல்வி அலுவலர் இதை இனவெறிக் குப்பை என்று கண்டித்தார். அவர் பணியாற்றிய பள்ளியின் பெயரே மார்க் ட்வைன் பள்ளி. உடனே அறிவாளிகள் கிளம்பினார்கள். நையாண்டி புரியாதவர்கள், தணிக்கைக்காரர்கள் என்றார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் ஒரு மாணவனை எழுப்பி ஒரு சிறுகதையை உரக்கப் படிக்கச் சொன்னார். முற்போக்கான கதைதான். ஓர் இடத்தில் எங்கள் சாதிப் பெயர் வந்தது. அவன் அதைப் படித்தான். நாற்பது தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. சிரித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆசிரியர் எதையும் கவனிக்கவில்லை, கதையின் மனிதநேயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அப்படித் தலைகள் தன்னை நோக்கித் திரும்பாத எவருக்கும் ‘நையாண்டியைப் புரிந்துகொள்’ என்று பாடம் நடத்தும் தகுதி இல்லை.

அதற்காகத் தடையும் என் வழி அல்ல. 2011இல் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தார். இது அதைவிட மோசம். அடிமை என்பது ஒருவருக்குச் செய்யப்பட்ட கொடுமை. வசைச்சொல் என்பது கொடுமை செய்தவனின் வாய். வாயைத் துடைத்துவிட்டுக் கொடுமையை மட்டும் பாதிக்கப்பட்டவரின் பெயராக்கிவிட்டார்கள். டோனி மாரிசன் இளம் வயதில் இந்த நூலைப் படித்தபோது அடைந்த அச்சத்தை எழுதியிருக்கிறார். பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் தணிக்கை குழந்தைகளுக்குக் கல்வி ஆகாது என்பதையும் சேர்த்தே எழுதினார். சிறுபான்மையாக ஒரு கறுப்பின மாணவி உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அந்தச் சொல்லை உரக்கப் படிக்கலாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அதற்கு முன்பு, அடிமையாக இருந்து தப்பிய டக்ளஸ் 1845இல் தானே எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் பாடமாக வைக்கட்டும். அடிமை முறையை அறிய முதல் புத்தகமாக ஒரு வெள்ளைச் சிறுவனின் கதையைக் கொடுப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. தன்னை இழிவுபடுத்த வீசப்பட்ட பெயரை எடுத்து இதழின் முகப்பில் அச்சிட இரட்டைமலை சீனிவாசனுக்கு உரிமை இருந்தது, துணிவும் இருந்தது. அதே சொல்லைத் திரைப்பட நகைச்சுவைக் காட்சியில் வேறொருவர் பேசினால் அந்த உரிமை அவருக்கு வந்துவிடாது.

ட்வைனின் கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1885இல் யேல் சட்டக் கல்லூரியில் வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவரைச் சந்தித்தார். பகுதிநேர வேலைகள் பார்த்துக்கொண்டே படித்தவர். அவருடைய செலவை ஏற்றுக்கொள்வதாகக் கல்லூரித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். வெள்ளை மாணவருக்கு உதவுவதென்றால் யோசிப்பேன், கறுப்பின மாணவருக்கு யோசிக்க மாட்டேன். அவர்களுடைய மனிதத்தன்மையை நசுக்கியது நாம், வெட்கம் நம்முடையது, அதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். இதுதான் சாரம். உதவி என்றோ தர்மம் என்றோ அவர் சொல்லவில்லை, கட்ட வேண்டிய பாக்கி என்றார். ‘தகுதி, திறமை’ என்று இட ஒதுக்கீட்டுக்கு எதிராக வாய் வலிக்கப் பேசுபவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்கலாம். மெக்கின் பால்டிமோரில் வழக்கறிஞரானார். கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நகராட்சி போட்ட பிரிவினைச் சட்டத்தை 1917இல் நீதிமன்றத்தில் முறியடித்தார். இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுக்கு வழிகாட்டினார். அந்த மார்ஷல்தான் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு வழக்கில் வாதாடியவர், 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

இப்படியொரு தெளிவு இருந்த மனிதர்தான் 1901இல் தோற்றார்.

அந்த ஆண்டு பிப்ரவரியில், பிலிப்பைன்ஸையும் சீனாவையும் சூறையாடும் வல்லரசுகளையும் மதப் பரப்பாளர்களையும் கிழித்து ‘இருளில் இருப்பவருக்கு’ என்ற கட்டுரையை வெளியிட்டார். தேசத்துரோகி என்று ஏசினார்கள், அசையவில்லை. ஆகஸ்டில் அவருடைய சொந்த மிசூரியில் பியர்ஸ் சிட்டி என்ற ஊரில், ஒரு வெள்ளைப் பெண்ணின் கொலையைக் காரணம் காட்டி வெறிக் கும்பல் மூன்று கறுப்பர்களைக் கொன்றது, வீடுகளைக் கொளுத்தியது, முப்பது குடும்பங்களைக் காட்டுக்குத் துரத்தியது. ட்வைன் கொதித்து எழுதினார். சீனாவில் இருக்கும் அமெரிக்க மதப் பரப்பாளர்களைத் திரும்ப அழையுங்கள், இங்கே கொளுத்திக்கொண்டிருக்கும் கிறிஸ்தவர்களை மனிதர்களாக்கட்டும் என்று கேட்டார். கும்பலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கொடூரர்கள் அல்லர்; பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பயந்து நிற்கும் கோழைகள் என்றார். கும்பல் கொலைகளின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதத் திட்டமிட்டார்.

எதுவும் வெளிவரவில்லை. இது வெளியானால் தெற்கில் தனக்குப் பாதி நண்பர்கூட மிஞ்சமாட்டார் என்ற பொருளில் பதிப்பாளருக்கு எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்டை வீட்டுக்காரருக்குப் பயந்த கோழைகள் என்று கும்பலைப் பற்றி எழுதிய காகிதத்தை, அண்டை மாநில வாசகர்களுக்குப் பயந்து உள்ளே வைத்தார். அவர் 1910இல் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல்தான், அதுவும் பதிப்பாசிரியர் கைவைத்த வடிவத்தில் அது அச்சானது.

இப்போது ஐடா வெல்ஸைப் பாருங்கள். 1862இல் அடிமைப் பெற்றோருக்கு அடிமையாகப் பிறந்தவர். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கும்பல் கொன்றது. வெல்ஸ் தன் பத்திரிகையில் எழுதினார். அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள், திரும்பி வந்தால் கொல்வோம் என்றார்கள். அவர் நிறுத்தவில்லை. அதே ஆண்டு ஒரு பிரசுரம், 1895இல் இன்னொன்று: பெயர், ஊர், தேதி, சொல்லப்பட்ட காரணம் என்று கணக்கெடுத்துப் போட்டார். ட்வைன் கும்பலின் மனநிலையை ஆராய்ந்தார். வெல்ஸ் குற்றச்சாட்டே பொய் என்பதை ஆதாரத்தோடு காட்டினார். கறுப்பர்கள் கடை வைத்து முன்னேறுவதைப் பொறுக்க முடியாத ஆத்திரம்தான் பல கொலைகளின் வேர் என்றார். இழக்க வீடு, பத்திரிகை, உயிர் எல்லாம் இருந்த பெண் ஒன்பது ஆண்டுகள் முன்பே அச்சிட்டார். இழக்கக் கொஞ்சம் விற்பனையும் சில விருந்து அழைப்புகளும் மட்டும் இருந்த உலகப் புகழ் எழுத்தாளர் நிறுத்திக்கொண்டார். நம் பாடநூலில் யார் இருக்கிறார்கள்?

பிலிப்பைன்ஸுக்காகப் பேச முடிந்தவரால் பியர்ஸ் சிட்டிக்காகப் பேச முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ஒரு கறுப்பரின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்தபோது முகப்புப் படத்தைக் கறுப்பாக்கியவர்கள் நம்மிடையே நிறைய. பக்கத்து ஊர்ச் சேரியின் தண்ணீர்த் தொட்டியில் நடந்ததற்கு அவர்களுடைய பக்கத்தில் ஒரு வரி தேடிப் பாருங்கள். கேட்டால் ‘உள்ளூர் விஷயம், எல்லாரும் தெரிந்தவர்கள்’ என்பார்கள். அவர்களை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கல்லூரி ஆண்டுமலருக்கு நான் எழுதிய விடுதி உணவுக்கூடக் கட்டுரையை, இந்த வருடம் வேண்டாமே, உனக்குத்தான் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் சொன்னபோது நானும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

2024இல் பெர்சிவல் எவரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதும் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தன. ஹக்கிள்பெரி ஃபின்னின் அதே ஆறு, அதே தெப்பம். ஆனால் கதையைச் சொல்வது ஜிம். இந்த ஜிம்முக்கு எழுதப் படிக்கத் தெரியும். தம் மக்களிடையே தெளிவான ஆங்கிலம் பேசுகிறார், வெள்ளையர் வந்தால் மட்டும் அவர்கள் எதிர்பார்க்கும் கொச்சைக்கு மாறிக்கொள்கிறார். எழுதுவதற்கு ஒரு பென்சில் வேண்டும் என்கிறார். இன்னோர் அடிமை, இளைஞர், தன் முதலாளியிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக்கொண்டு வந்து கொடுக்கிறார். அந்தத் துண்டுப் பென்சிலுக்காக அந்த இளைஞரைச் சவுக்கால் அடித்துத் தூக்கிலிடுகிறார்கள். சவுக்கால் அடிப்பதை ஜேம்ஸ் மறைவிலிருந்து பார்க்கிறார். பென்சில் அவரிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதத் தொடங்குகிறார்.